சாமி இருக்காரு மாப்ள, நீ எங்க இருக்கே?

மாப்ள, உன்ற ஊட்டுத் தேவாரப் புஸ்தகத்தாட்டம் சொகமா வாழற சீவன் இந்த அவினாசி வட்டாரத்துல வேற ஒண்ணு கிடையாது. வெயில் படறதில்ல, மழை படறதில்ல, மனுசன் கையும் படறதில்ல. கடையில சுத்திக் கொடுத்த கண்ணாடித்தாளையே இன்னும் பிரிக்கல. அந்தத் தாளு மேலயே சந்தனம், குங்குமம், செவ்வாய் வெள்ளி தவறாம ஒரு செம்பருத்தி. அடியில என்னடான்னு பார்த்தா கரண்டு அட்டை, நகைக்கடன் சீட்டு, பாலக்காட்டுப் பக்கம் போனப்ப வாங்கியாந்த லாட்டரி. இதுல லாட்டரியை மட்டும் எடுத்தெடுத்து நெம்பரைப் படிக்கறே. மேல இருக்கற புஸ்தகத்தை அதுல பாதி அக்கறையாப் படிச்சிருந்தா இந்நேரம் நீ ஓதுவாரு.

கேட்டா, “சாமி பாத்துக்குவாரு மாமா”ங்கறே. பாத்துக்கிட்டுத்தான் இருக்காரு. அதுதான் எனக்குப் பயமா இருக்குது.

கடலைக்காட்டுல களை எடுத்தாச்சான்னா, சாமி பாத்துக்குவாரு. பையன் பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காப் போறானான்னா, சாமி பாத்துக்குவாரு. நகைக்கடனுக்கு வட்டி கட்டினியான்னா, அதையும் அவரேதான் பாத்துக்கோணும். பேங்குக்காரன் கிட்டப் போயி அந்தப் பேரைச் சொல்லிப் பாரு. ஜாமீன் கையெழுத்துப் போட அவரைக் கூட்டிக்கிட்டு வாம்பான்.

நீ நம்பறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. நம்பு, நல்லா நம்பு. சாமி மேல பாரத்தைப் போடறதுல அப்பர், சம்பந்தர், சுந்தரர்ங்கற மூவர் முதலிகளை மிஞ்ச இனி ஒருத்தன் பொறந்து வரோணும். ஆனா அவிய எப்பிடிப் போட்டாங்க, போட்டுட்டு என்ன பண்ணினாங்கங்கறதுதான் சங்கதி. அவிய பாட்டு ஏழு திருமுறையாக் கெடக்குது. அவிய கதையைச் சேக்கிழார் பெரியபுராணமாப் பாடி வெச்சாரு, அது பன்னண்டாந் திருமுறை. நீ ரெண்டையும் திறக்கறதில்லயே, அதனால நானே சொல்றேன். காப்பி ஆறிப் போகுது, குடிச்சுக்கிட்டே கேளு.

சுந்தரரை எடுத்துக்க. குண்டையூர்ல நெல்லு மலையாக் குவிஞ்சு கெடக்குது, அதுவும் சாமி கொடுத்ததுதான். திருவாரூருக்குக் கொண்டு சேக்க ஆளில்ல. மனுசன் நேராத் திருக்கோளிலிக்குப் போயி, நெல்லுக் கொடுத்தீரே, தூக்க ஆளையும் கொடும்னு பதிகம் பாடினாரு. ராத்திரியோட ராத்திரியா பூதகணம் வந்து திருவாரூர் வீதி முச்சூடும் நெல்லைக் கொட்டிட்டுப் போச்சுங்குது புராணம். அடுத்தாப்புல திருப்புகலூர். பங்குனி உத்திரச் செலவுக்குப் பொன்னு வேணும். செங்கல்லைத் தலைக்கு வெச்சுக் கண்ணசந்தாரு, எந்திரிச்சாப் பொன்கட்டி. பாரு, இதைக் கேட்டதும் உன்ற கண்ணு சூளைப் பக்கம் போகுது! பொறு மாப்ள. எந்திரிச்ச கையோட அவரு பாடின பதிகம் இன்னைக்கும் இருக்குது. வேணும்னாலும் பாட்டு, வந்துட்டாலும் பாட்டு. நீ வேணும்னா வேண்டுதல் வெக்கறே, வந்துட்டா ஒறம்பரையைக் கூப்புட்டுக் கெடா வெட்டறே. நடுவுல பாட்டு எங்க?

இன்னும் கேளு. திருமுதுகுன்றத்துல, இப்ப விருத்தாசலம்னு சொல்றாங்களே அங்க, சாமி பன்னண்டாயிரம் பொன்னு கொடுத்தாரு. வழியில களவு போயிருமேன்னு மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர்க் கொளத்துல வந்து எடுத்துக்கச் சொன்னாரு. சுந்தரர் என்ன பண்ணினாரு தெரியுமா? ஆத்துல போடறதுக்கு முன்னால அதுல ஒரு துணுக்கை மச்சமா வெட்டி எடுத்துக் கையில வெச்சுக்கிட்டாரு. திருவாரூருக்கு வந்து கொளத்துல எறங்கித் துழாவறப்ப, ஆத்துல போட்டுட்டுக் கொளத்துல தேடற ஆளைப் பாருன்னு அவரு சம்சாரம் பரவையார் சிரிச்ச சிரிப்பு இன்னைக்கும் ஊருக்குள்ள பழமொழியா நடமாடுது. பாடினாரு, பொன்னு வந்துச்சு. அதோட விட்டாரா? மச்சத்தை வெச்சு மாத்து உரசிப் பாத்தாரு. கொறைஞ்சிருந்துச்சு. மறுக்காப் பாடி, மாத்து நேரான பொறகுதான் வாங்கினாரு. திருவாரூர்ல மாற்றுரைத்த பிள்ளையார்னு ஒரு பிள்ளையாரே இருக்காரு.

சாமி கையால கொடுத்த பொன்னையே உரசிப் பாத்து வாங்கினவரு நம்ம ஆளு. நீ? நெத்தி நிறையப் பட்டையும் கழுத்து நிறையக் கொட்டையும் போட்டுக்கிட்டு ஒருத்தன் வந்து, சாமி பேருல சீட்டு நடத்தறேன்னான். ஒரு ரசீது கூட வாங்காம தேங்காய் வித்த பணத்தை எடுத்து நீட்டினே. பட்டை போட்டவனைக் கேள்வி கேட்டாப் பாவமாம். உன்ற அப்பன் ஈமு கோழியில பணத்தை விட்டான், நீ சீட்டுல விட்டே, குடும்பத்துக்குன்னு ஒரு பாரம்பரியம் வேண்டாமா? சுந்தரரை ஒரு தரம் படிச்சிருந்தீனா கேட்டிருப்பே, “ஏனுங், மச்சம் எங்கங்க?”ன்னு.

அவரு சிநேகிதம்னா சாதாரணச் சிநேகிதமில்ல, சாமியைத் தூது அனுப்பற அளவுக்குச் சிநேகிதம். அந்த உரிமையில ஒரு தரம் வெளையாடிப் பாத்தாரு. திருவொற்றியூர்ல சங்கிலியாரைக் கட்டிக்கறதுக்கு, உன்னைப் பிரிய மாட்டேன்னு கோயிலுக்குள்ள சத்தியம் பண்ணோணும். அவருக்கோ திருவாரூரை விட்டுட்டு இருக்க முடியாது. அதனால சாமி கிட்டப் போயி, நான் சத்தியம் பண்றப்ப நீர் கருவறையில இருக்காதீரும், போயி மகிழ மரத்தடியில இரும்னு ஏற்பாடு பண்ணிக்கிட்டாரு. ஆளில்லாத கருவறையில பண்ற சத்தியம் செல்லாதில்ல! சாமியும் தலையாட்டினாரு. தலையாட்டிட்டு நேராச் சங்கிலியார் கனவுல போயி, மகிழ மரத்தடியில சத்தியம் பண்ணச் சொல்லுன்னு போட்டுக் கொடுத்துட்டாரு. ஆப்புட்டுக்கிட்டாரு மனுசன். வேற வழியில்லாம மரத்தடியிலயே சத்தியம் பண்ணி, பொறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினதும் ரெண்டு கண்ணும் போச்சு. கண்ணைக் கேட்டுப் பாடினா, திருவெண்பாக்கத்துல ஊன்றுகோல் ஒண்ணு கெடைச்சுது. காஞ்சிபுரத்துல ஒரு கண்ணு, திருவாரூர்ல இன்னொரு கண்ணு. தவணை முறையில.

இதுல உனக்கு என்ன தெரியுது? சாமி சிநேகிதக்காரருதான், ஆனா கணக்குல கறாரு. சொன்ன சொல்லைக் காப்பாத்தலேன்னா சிநேகிதம் பாக்க மாட்டாரு. நீ கொடுமுடியில மூணு முழுக்குப் போட்டுட்டு, பங்காளி நெலத்துல மூணு அடி வரப்பைத் தள்ளிப் போட்டியே, அது அவருக்குத் தெரியாதுன்னா நெனைக்கறே?

நம்ம திருமுருகன்பூண்டி, சைக்கிளை மிதிச்சாப் போயிடலாம். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பின சீரெல்லாம் எடுத்துக்கிட்டு சுந்தரர் அந்த வழியா வந்தப்ப, சாமியே பூதகணத்துக்கு வேடன் வேசம் போட்டு அனுப்பி வழிப்பறி பண்ண வெச்சாரு. கோயில் வாசல்ல போயி நின்னு, திருடனுங்க இருக்கற இந்தக் காட்டுல உமக்கு என்ன வேலைன்னு கேட்டு ஒரு பதிகம். திட்டுத்தான், ஆனாப் பண்ணோட திட்டு. பறிச்சதெல்லாம் திரும்பி வந்துச்சு. உன்ற வண்டி பஞ்சராச்சுன்னா நீயும் சாமியைத் திட்டறே. அதைப் பொம்பளையாளுங்க முன்னால சொல்லக்கூட முடியாது, பதிகமாக்க எங்க போக!

சரி, அப்பரு கிட்ட வருவோம். அவரு பட்ட பாட்டை நெனைச்சா எனக்கு வயிறு கலங்குது. சூலை நோயி, சுண்ணாம்புக் காளவாய், நஞ்சுச் சோறு, மதயானை, கடைசியில கல்லோட சேத்துக் கட்டிக் கடல்ல தள்ளினாங்க. பதிகம் பாடினாரு, கல்லு மிதந்து திருப்பாதிரிப்புலியூர்ல கரை சேந்துச்சு. சாமி துணைங்கறதுக்கு இதுக்கு மேல ஒரு சாட்சி வேணுமா? வேண்டாம். இப்பிடிக் கல்லுல மிதந்து கரையேறின மனுசன் அதுக்கப்பறம் கையில என்ன வெச்சிருந்தாருன்னு கோயில் பிரகாரத்துல அறுபத்து மூவர் வரிசையில போயிப் பாரு. தோளுல சாச்சு ஒரு உழவாரப்படை. புல்லுச் செதுக்கற கருவி, மாப்ள! கடல்ல மெதக்க வெச்ச சாமி தன்ற பிரகாரத்துப் புல்லைத் தானே பாத்துக்க மாட்டாரான்னு அவரு நெனைக்கல. வயசான காலத்துலயும் ஊர் ஊராப் போயிச் செதுக்கினாரு. திருப்புகலூர்ல செதுக்கற எடத்துல பொன்னும் மணியும் உருண்டு வந்துச்சாம், கல்லோட கல்லா அதையும் வாரிக் கொளத்துல வீசிட்டாரு. உன்ற காட்டுக் கோரையைச் செதுக்கினாப் பொன்னு வராது, கடலை வரும். அதுக்கே நீ குனிய மாட்டேங்கறே.

திருவீழிமிழலையில ஒரு பஞ்சகாலம். அப்பரும் சம்பந்தரும் ஆளுக்கொரு மடத்துல அடியாருங்களுக்குச் சோறு போடறாங்க. தெனமும் ஆளுக்கொரு பொற்காசு பலிபீடத்துல சாமி வெச்சுடறாரு. அப்பரு மடத்துல நேரத்தோட பந்தி போட்டாச்சு. சம்பந்தர் மடத்துல எலை விழுக நேரமாகுது. என்னடா காரணம்னு சம்பந்தர் கேட்டாக்க, சமையக்காரங்க சொன்னாங்க: “நம்ம காசைக் கடைக்காரனுங்க வட்டம் புடிச்சுத்தான் வாங்கறானுங்க. அவிய காசு முழுக் காசு, சட்டுனு செல்லுது.” ஏன் அப்பிடி? அப்பரு கையால வேலை செஞ்சாரு, அதுக்கு முழுக் காசு. சம்பந்தரு சாமி பெத்த பிள்ளையாட்டம், பாட்டோட சரி. ஞானப்பால் குடிச்ச பிள்ளைக்கே காசுல வாசி புடிச்சாரு மாப்ள! பொறகு சம்பந்தர் பாடித்தான் அந்த வாசி தீந்துச்சு. ஞானப்பாலுக்கே இந்தக் கதின்னா, காப்பி குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கற நம்ம காசு எந்தக் கடையில செல்லும்?

இதைவிட ஒரு படி மேல மதுரைக் கதை. அரிமர்த்தன பாண்டியன் குதிரை வாங்கக் கொடுத்த பணத்தை மாணிக்கவாசகர் கோயிலுக்குச் செலவு பண்ணிட்டாரு. சாமி நரியைக் குதிரையாக்கிக் கொண்டாந்து கொடுத்தாரு. கொடுத்தவரு அப்பிடியே விட்டிருக்கலாமில்ல? ராத்திரியே குதிரையெல்லாம் மறுபடி நரியாகி ஊளையிட்டுது. மாணிக்கவாசகரை ஆத்து மணல்ல வெயில்ல நிறுத்தினாங்க. வைகை பெருகி, ஊட்டுக்கொரு ஆளு கரை அடைக்கோணும்னு உத்தரவு. வந்திங்கற கெழவிக்கு ஆளில்ல. சாமியே கூலியாளா வந்தாரு. கூலி உதுந்த புட்டு. புட்டைத் தின்னாரு, பாடினாரு, ஆடினாரு, துண்டை விரிச்சுப் படுத்துக்கிட்டாரு. கரை அடைபடல. பாண்டியன் பிரம்பால முதுகுல ஒண்ணு வெச்சான். அந்த அடி ஊரு உலகத்துல இருக்கற எல்லாரு முதுகுலயும் விழுந்துச்சுன்னு கதை.

புட்டு வாங்கித் தின்னுட்டு வேலை செய்யாமப் படுத்தாச் சாமிக்கே பிரம்படி. இதைக் கேட்டுட்டும் நீ மத்தியானம் நாலு மணி வரைக்கும் வேப்பமரத்தடியில கட்டலைப் போட்டுத் தூங்கறேன்னா, உன்ற தைரியத்தை நான் மெச்சறேன்.

அந்த மாணிக்கவாசகர் பாடப் பாட திருவாசகத்தைச் சாமியே ஓலையில எழுதி, கடைசியில கையெழுத்தும் போட்டு, தில்லையில படிமேல வெச்சாருன்னு சொல்றாங்க. நெனைச்சுப் பாரு, அண்டசராசரத்தையும் ஆட்டி வெக்கறவரு உக்காந்து எழுத்தாணி புடிச்சு 658 பாட்டு எழுதியிருக்காரு. எழுத அவருக்கு நேரமிருந்துச்சு. படிக்க உனக்கு நேரமில்ல. செல்போன்ல சாமி படத்தைப் போட்டு, இதைப் பதினோரு பேருக்கு அனுப்பினா நல்லது நடக்கும்னு வந்தா மட்டும் பன்னண்டு பேருக்கு அனுப்பறே. அதுல ஒண்ணு எனக்கும் வருது. நான் என்ன பாவம் பண்ணினேன்?

இப்ப நான் சொல்ல வந்த சங்கதிக்கு வரேன். ஏட்டைப் பூட்டி வெச்சுட்டுச் சாமி பாத்துக்குவாருன்னு நெனைச்சது நீ மொதல் ஆளில்ல. சிதம்பரத்துல அதைச் செஞ்சு பாத்துட்டாங்க.

மூவரு பாட்டெல்லாம் தில்லையில ஒரு அறையில பூட்டிக் கெடக்குதுன்னு ராஜராஜ சோழனுக்குச் சேதி போச்சு. சேதி சொன்னவரு திருநாரையூர் நம்பியாண்டார் நம்பி. அவரு சின்னப் பையனா இருக்கறப்ப, படையலை நெசமாவே தின்னாத்தான் ஆச்சுன்னு பிள்ளையாரு முன்னால தலையை முட்டிக்கிட்டு, அவரைத் தின்ன வெச்சவரு. தின்னு முடிச்சதும் அந்தப் பையன் என்ன கேட்டான் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிப் போச்சு, வாத்தியாரு அடிப்பாரு, நீரே பாடம் சொல்லிக் கொடும்னான். நீயா இருந்தா லீவு வாங்கித் தரச் சொல்லியிருப்பே.

ராஜாவும் நம்பியும் தில்லைக்குப் போனா, பாடின மூவரும் வந்தாத்தான் கதவு திறக்கும்னுட்டாங்க. ராஜா சளைச்சவரா? மூவரு செலையையும் மேளதாளத்தோட எழுந்தருளப் பண்ணிக் கொண்டாந்து வாசல்ல நிறுத்தி, இதோ வந்துட்டாங்க, திறங்கன்னாரு. திறந்தாப் புத்து. ஏட்டுக்கட்டை மூடி ஆளுசரத்துக்குக் கரையான் புத்து. எண்ணெயை ஊத்திப் புத்தைக் கரைச்சு எடுத்தா, மிஞ்சினது கொஞ்சம். லட்சத்துக்கு மேல பதிகம் இருந்துச்சுங்கறது கர்ணபரம்பரை. இன்னைக்குக் கையில இருக்கறது எண்ணூறைத் தொடாத பதிகம், எட்டாயிரத்துச் சொச்சம் பாட்டு. இந்தக் காலத்துக்கு வேண்டியதை வெச்சுட்டு மிச்சத்தை நாமதான் செல்லரிக்க வெச்சோம்னு அசரீரி கேட்டுச்சாம்.

அந்த அசரீரியை நம்ம சனம் கெட்டியாப் புடிச்சுக்கிட்டுது. அழிஞ்சதும் அவன் செயல்! எனக்கு அதுல ஒரு சின்னச் சந்தேகம் மாப்ள. ஓலை ஏடுன்னா அப்பப்ப அவுத்துத் தூசி தட்டோணும், எண்ணெய் தடவோணும், படிக்கோணும், நைஞ்சு போனாப் புது ஓலையில பேத்தெழுதோணும். கையாண்டுக்கிட்டே இருக்கற ஊட்டுல ஏடு தப்பிச்சுக்கும். பூட்டினது மனுசன், எட்டிப் பாக்காதது மனுசன், பழி மட்டும் சாமிக்கா? திருவாசகத்தை எழுத்தாணி புடிச்சு எழுதி வெச்சவரு, மூவரு பாட்டைக் கரையானுக்குப் போடுவாரா? நம்ம மானம் போகக்கூடாதுன்னு பெரிய மனசு பண்ணிப் பழியை ஏத்துக்கிட்டாருன்னு நான் நெனைக்கறேன்.

ஏடு கெடைச்சும் வேலை முடியல. பாட்டு இருக்குது, பண்ணு தெரியல. அதுக்குத் திருஎருக்கத்தம்புலியூர்ல, திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபுல வந்த ஒரு பொண்ணைத் தேடிப் போனாங்களாம். அந்தப் பொண்ணு வாயில பண்ணு அப்பிடியே இருந்துச்சு. பாத்துக்க. பூட்டி வெச்சது புத்தாப் போச்சு, பாடிக்கிட்டு இருந்தது பொழைச்சுக்கிட்டுது. கரையான் ஓலையைத் தின்னும், மனுசன் வாயில பொழங்கறதைத் தின்னாது.

இது கதைங்கறியா? சரி, கல்லுல வெட்டினதைச் சொல்றேன். தஞ்சாவூர்ப் பெரிய கோயில் கல்வெட்டுல இருக்குது. அத்தனை பெரிய கோயிலை 1010-ல கட்டி முடிச்ச ராஜராஜன், பதிகத்தைச் சாமி பாத்துக்குவாருன்னு விடல. பாடறதுக்கு 48 பேரு, உடுக்கைக்கு ஒருத்தரு, மத்தளத்துக்கு ஒருத்தரு, ஆக 50 பேரை வெச்சு, ஆளுக்குத் தெனம் மூணு குறுணி நெல்லுன்னு அளந்து எழுதி வெச்சாரு. அதுல ஒருத்தன் செத்துட்டா, ஊரை விட்டுப் போயிட்டா, அவன் சொந்தக்காரன் வந்து பாடிட்டு நெல்லை வாங்கிக்கலாம். சொந்தக்காரனுக்குப் பாடத் தெரியலேன்னா, தெரிஞ்ச வேற ஆளைப் போடோணும். எப்பிடி! மவன் மச்சான்னு சலுகை கிடையாது, பாட்டு வந்தாத்தான் படி. பக்திமான்தான், ஆனா மறதி இல்லாத பக்திமான். சாமியை நம்பினான், மனுசனுக்கு நெல்லும் அளந்தான்.

இன்னைக்கு நம்ம கோயில்ல சாயரட்சைக்கு நின்னு பாத்திருக்கியா? தீபாராதனைக்கு முன்னால ஓதுவாரு தாளத்தைக் கையில எடுத்துத் திருச்சிற்றம்பலம்னு ஆரம்பிப்பாரு. தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, பெரியபுராணம், அஞ்சுல இருந்தும் ஒவ்வொரு பாட்டு. பஞ்சபுராணம்னு பேரு. மறுக்காத் திருச்சிற்றம்பலம் சொல்லி முடிச்சுக்குவாரு. அந்த அஞ்சு பாட்டு நேரத்துல நம்ம சனம் என்ன பண்ணுது? ஒருத்தன் அர்ச்சனைச் சீட்டைத் தேடறான். ஒருத்தி பக்கத்துல நிக்கறவ தோட்டைப் பாக்கறா. நீ கம்பியைப் புடிச்சுக்கிட்டு எக்கி எக்கி, தட்டு வருதான்னு பாக்கறே. ஆயிரம் வருசத்துக்கு முன்னால புத்துக்குள்ள இருந்து எடுத்தாந்த சொத்து, ஓதுவாரு வாயில இருந்து வந்து தூணுல முட்டிட்டுத் திரும்பிப் போகுது.

இன்னொரு கூட்டம் இருக்குது, அதையும் விட்டுட்டா நாயமில்ல. படிக்கறாங்க, நெம்பப் படிக்கறாங்க. திருவாசக முற்றோதல்னு காலையில ஆரம்பிச்சுப் பொழுது சாயற வரைக்கும் 51 பகுதியையும் ஓதறாங்க. நல்ல காரியம், கையெடுத்துக் கும்புடறேன். ஆனா அதுல சில பேரு, ஏழு ஊருல முற்றோதல் முடிச்சேன், எட்டு ஊருல முடிச்சேன்னு அடுக்கறாங்க. அதே ஆளு பெத்த தாய்க்குக் கண்ணு ஆஸ்பத்திரிக்குப் போகத் துணைக்கு ஆளில்ல. கேட்டா, அம்மாவைச் சாமி பாத்துக்குவாராம். திருவாசகம் படிச்சு உருகாத நெஞ்சு எதுக்கும் உருகாதும்பாங்க. இவிய உருகறது மத்தியானப் பந்தியில நெய்யி ஊத்தறப்பத்தான். நீ படிக்காம நம்பறே, அவிய நம்பாம படிக்கறாங்க. ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் நிக்கறீங்க, மொகம் மட்டும் வேற பக்கம்.

“அப்ப நான் என்னதான் பண்ணோணும் மாமா?”ங்கறே. மொகத்தைத் தொங்கப் போடாதே, சொல்றேன்.

சம்பந்தர் பதிகம் பெரும்பாலும் பதினோரு பாட்டு. எட்டாவது பாட்டுல ராவணன் மலைக்கடியில மாட்டிக்கிட்டு முழிப்பான். ஒம்பதாவதுல பிரம்மாவும் பெருமாளும் அடிமுடி தேடிச் சளைச்சுப் போவாங்க. கடைசிப் பாட்டுல சம்பந்தர் தன்ற பேரைச் சொல்லி, இதனால என்ன பலன்னும் சொல்லிருவாரு. வினை போகும், துன்பம் தீரும், வானத்துல எடம் கெடைக்கும்னு பலன் எல்லாம் தாராளமாத்தான் இருக்குது. யாருக்குன்னு பாரு. பாட வல்லவங்களுக்கு, ஓத வல்லவங்களுக்கு. ஒவ்வொரு பதிகமாத் தேடிப் பாரு. வாங்கி வெச்சவனுக்கு, பொட்டு வெச்சவனுக்கு, அடியில சீட்டுச் சொருகினவனுக்குன்னு ஒரு எடத்துல கூட இல்ல. பத்திரத்தைப் படிக்காமக் கையெழுத்துப் போடறது உனக்குப் பழக்கம்தான், ஆனா இந்தப் பத்திரம் உனக்குச் சாதகமா எழுதினது. இதையாவது படி.

தெனம் ஒரு பதிகம் போதும். மனசுக்குள்ள முணுமுணுக்காதே, வாயைத் திறந்து பாடு. ராகம் வரலேன்னாப் போச்சாது, ஊட்டுல இருக்கறவங்க பொறுத்துக்குவாங்க, இத்தனை வருசம் உன்னையே பொறுத்துக்கிட்டாங்களே. பாட்டுப் புரியலேன்னா ஓதுவாரு கிட்டக் கேளு. கேக்க ஆளு வந்தா அந்த மனுசனுக்கும் சந்தோசமா இருக்கும். நம்ம ஊருப் பாட்டுல இருந்தே ஆரம்பி. மொதலை முழுங்கின பிள்ளையைச் சுந்தரர் கேட்டு வாங்கின அவினாசிப் பதிகம், பத்தே பாட்டு. அடுத்து பூண்டி, அடுத்து கொடுமுடி. கொடுமுடியில அவரு பாடினதோட சாரம், மனசு மறந்தாலும் நாக்கு மறக்காதுங்கறது. அதுக்கு நாக்கைப் பழக்கியிருக்கோணும் மாப்ள. பழக்காத நாக்கு அவசரத்துக்கு “ஐயோ”ன்னுதான் சொல்லும்.

படிச்சு முடிச்சதும் எந்திரிச்சுச் சோலியைப் பாரு. களையை எடு, வட்டியைக் கட்டு, பங்காளி வரப்பை இருந்த எடத்துல வெச்சுரு, பையனைக் கையைப் புடிச்சுப் பள்ளிக்கூடத்துல விட்டுட்டு வா. அதுக்கப்பறமும் முடியாதது ஒண்ணு மிஞ்சும். அந்த மிச்சத்தை அவரு மேல போடு. அதுக்குத்தான் அவரு இருக்காரு, அதை அவரு தட்டவும் மாட்டாரு. அப்பரு செதுக்கிட்டுத்தான் கேட்டாரு, சுந்தரர் பாடிட்டுத்தான் கேட்டாரு. ரெண்டுல ஒண்ணுகூடச் செய்யாமக் கேட்டவன் கதை எந்தத் திருமுறையிலயும் இல்ல.